கைமாறி வரும் டைம்ஷேர்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

டைம்ஷேர் எனப்படும் விடுமுறைக் கிளப் உறுப்பினர் உரிமையைக் கம்பெனியிடம் வாங்காமல், முன்பே வாங்கி வைத்திருப்பவரிடம் குறைந்த விலைக்கு, அதாவது ரீசேலில், வாங்கலாமா என்று அமெரிக்க வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலான கடிதங்கள் டிஸ்னி வெக்கேஷன் கிளப் பற்றியவை. அங்கே உறுப்பினருக்கு வருடாவருடம் இத்தனை பாயின்ட் என்று வரும், அதைக் கொடுத்துத்தான் ரிசார்ட்டில் அறை எடுப்பார்கள். அதனால் பதில்களும் அந்தப் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கின்றன.

கேள்வி: ஆர்லாண்டோவில், "தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்து கேட்டால் பார்க் டிக்கெட் இலவசம்" என்று கூப்பிட்டார்கள். நாலு மணி நேரம் கழித்து 24,000 டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால், அதே ரிசார்ட்டின் உரிமையை ஒருவர் 3,000 டாலருக்கு விற்கிறார். கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகிறது. ஏதாவது வழி உண்டா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: உண்டு. உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறோம். ஃபுளோரிடா சட்டப்படி, கையெழுத்திட்ட நாள் அல்லது தர வேண்டிய ஆவணங்களில் கடைசியானது உங்கள் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. மற்ற மாநிலங்களில் காலக்கெடு வேறு: நெவாடாவில் 5 நாள், கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும் 7 நாள்.

ரத்து செய்வதை எழுத்தில்தான் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ரத்துக் கடிதம் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று இருக்கும். விற்பனைக்காரரின் விசிட்டிங் கார்டில் இருக்கும் முகவரிக்கு அனுப்பிவிடாதீர்கள். கடிதம் நாலு வரி போதும்: ஒப்பந்த எண், தேதி, ரிசார்ட்டின் பெயர், "இந்த ஒப்பந்தத்தை ரத்து செய்கிறோம், கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள்". யார் யார் கையெழுத்திட்டார்களோ அவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். கணவர் மட்டும் போட்டு அனுப்பி இழுபறியாவது அடிக்கடி நடக்கிறது. சர்ட்டிஃபைட் மெயிலில், பெற்றுக்கொண்டதற்கான சீட்டுடன் அனுப்புங்கள். ஃபுளோரிடாவில் அனுப்பிய தேதிதான் கணக்கு, போய்ச் சேர்ந்த தேதி அல்ல. அதனால் தபால் முத்திரை விழுந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன் செய்ய வேண்டாம். "மேனேஜரிடம் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறேன்" என்பார்கள், பத்து நாள் ஓடிவிடும்.

அந்த 3,000 டாலர் விளம்பரத்தை முதல் ஒப்பந்தம் ரத்தான பிறகு நிதானமாகப் பார்க்கலாம். அது எங்கும் ஓடாது.

கேள்வி: டிஸ்னி வெக்கேஷன் கிளப்பில் கம்பெனி சொல்லும் விலைக்கும் ரீசேல் விலைக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? ரீசேலில் வாங்கினால் எதை இழக்கிறோம்? (ஃபிரிஸ்கோ, டெக்சஸ்)

பதில்: கம்பெனி விலையில் விற்பனை மாளிகை, கமிஷன், இலவச டிக்கெட் எல்லாம் அடக்கம். ரீசேலில் விற்பவர் கையில் இருப்பது பத்திரம் மட்டும்தான். ஆனால் கையில் கிடைக்கும் பொருளும் முழுக்க ஒன்றல்ல. மூன்று தேதிகளை நினைவில் வையுங்கள்.

2011 மார்ச் 21க்குப் பிறகு ரீசேலில் வாங்கிய பாயின்ட்டுகளை டிஸ்னி கப்பல் பயணத்துக்கோ கிளப்பில் சேராத டிஸ்னி ஹோட்டல்களுக்கோ மாற்ற முடியாது. இதில் பெரிய நஷ்டமில்லை. பாயின்ட்டைக் கப்பலுக்கு மாற்றினால் அதன் மதிப்பு பாதாளத்துக்குப் போகும். கம்பெனியிடம் வாங்கியவர்களுக்குக்கூட அதைச் செய்யச் சொல்ல மாட்டோம். 2016 ஏப்ரல் 4க்குப் பிறகு வாங்கியவர்களுக்கு, ஆண்டு பாஸ் தள்ளுபடி, கடை-உணவகத் தள்ளுபடி, உறுப்பினர்களுக்கான இரவு விழா போன்ற சலுகைகள் கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு இதன் மதிப்பு சில நூறு டாலர். ஆண்டு பாஸ் வாங்கும் ஃபுளோரிடா குடும்பம் என்றால் கூட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

மூன்றாவதுதான் கடிக்கும். 2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கும் பாயின்ட்டுகளை அதற்கு முன்பிருந்த 14 ரிசார்ட்டுகளில் மட்டுமே பயன்படுத்தலாம். பிறகு சேர்ந்த ரிவியேரா, கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல் வில்லாக்கள், ஃபோர்ட் வில்டர்னஸ் கேபின்கள் ஆகியவற்றின் கதவு திறக்காது. இதன் மறுபக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை: ரிவியேரா பாயின்ட்டை ரீசேலில் வாங்கினால் ரிவியேராவில் மட்டுமே தங்க முடியும், பழைய 14இல் ஒன்றிலும் இடமில்லை. ரிவியேரா ரீசேல் "மலிவாக" வருவதன் ரகசியம் இதுதான். அந்த ஒரு ரிசார்ட்டுக்கே வருடாவருடம் போவோம் என்பவர்கள் மட்டும் வாங்கலாம்.

கேள்வி: ஒரே 150 பாயின்ட்டுக்கு ஒரு விளம்பரத்தில் பாயின்ட் 50 டாலர், இன்னொன்றில் 90 டாலர். 50 டாலரை விட்டுவிட்டு யாராவது 90 கொடுப்பார்களா? (கேரி, வட கரோலினா)

பதில்: கொடுக்கிறார்கள், காரணத்தோடுதான். டிஸ்னி பத்திரம் நிலப் பத்திரம் மாதிரி தலைமுறைக்கும் நிற்பதல்ல. முடிவு தேதி உண்டு. போர்டுவாக், பீச் கிளப், போல்டர் ரிட்ஜ், ஹில்டன் ஹெட், வேரோ பீச் ஆகிய ரிசார்ட்டுகளின் பத்திரங்கள் 2042 ஜனவரி 31 அன்று முடிகின்றன. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, அனிமல் கிங்டம் 2057, பே லேக் டவர் 2060, கிராண்ட் ஃபுளோரிடியன் 2064, பாலினீசியன் 2066, காப்பர் கிரீக் 2068. ஓல்ட் கீ வெஸ்ட் 1991இல் திறந்த முதல் ரிசார்ட். அங்கே சில பத்திரங்கள் 2042இலும், நீட்டிப்பு வாங்கியவை 2057இலும் முடியும். ஒரே ரிசார்ட், ஒரே அறை, 15 வருட வித்தியாசம். விளம்பரத்தில் "ஓல்ட் கீ வெஸ்ட்" என்று மட்டும் இருந்தால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

இனி கணக்கு. கீழே உள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் விளம்பரத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பத்திரங்களை ஒப்பிடுவோம். மூன்றும் வருடத்துக்கு 150 பாயின்ட், பத்திரச் செலவு 700 டாலர், வாங்குவது 2026இல்.

முதலாவது, 2054 வரை போகும் பத்திரம், பாயின்ட் 90 டாலர், பராமரிப்புக்காக வருடாவருடம் கட்டும் ஆண்டுக் கட்டணம் பாயின்ட்டுக்கு 9 டாலர். 13,500 உடன் 700 சேர்த்தால் 14,200. மீதி 28 வருடம், அதாவது 4,200 பாயின்ட். வகுத்தால் பாயின்ட்டுக்கு 3.38. ஆண்டுக் கட்டணம் 9ஐச் சேர்த்தால் 12.38 டாலர்.

இரண்டாவது, 2042இல் முடிவது, பாயின்ட் 70 டாலர், கட்டணம் அதே 9. மொத்தம் 11,200. ஆனால் மீதி 16 வருடம்தான், 2,400 பாயின்ட். பாயின்ட்டுக்கு 4.67, கட்டணத்தோடு 13.67.

மூன்றாவது, நீங்கள் கேட்ட 50 டாலர் ரகம். 2042இல் முடிவது, கடலோர ரிசார்ட், கட்டணம் 14 டாலர் என்று வையுங்கள். மொத்தம் 8,200, பாயின்ட்டுக்கு 3.42. கட்டணத்தோடு 17.42!

ஒரு வாரத்துக்கு 120 பாயின்ட் தேவைப்படும் அறையில் முதலாவது பத்திரக்காரருக்கு அடக்கவிலை 1,486 டாலர், மூன்றாமவருக்கு 2,090. வாங்கும்போது 6,000 டாலர் மிச்சம் பிடித்தவர், ஒவ்வொரு விடுமுறையிலும் 600 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறார். வேரோ பீச்சின் வாங்கும் விலை குறைவாகவும் ஆண்டுக் கட்டணம் அதிகமாகவும் இருப்பது பலகாலமாகவே அப்படித்தான். கடலோரக் கட்டடத்துக்குக் காப்பீடும் பராமரிப்பும் அதிகம், பகிர்ந்துகொள்ளும் உரிமையாளர்களோ குறைவு.

இன்னொன்று. உங்கள் சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே அறை எடுக்கலாம், மற்றவற்றில் 7 மாதம் முன்பிருந்துதான். "எங்கே மலிவோ அங்கே வாங்கி, வேண்டிய இடத்தில் தங்கலாம்" என்று சொல்பவர்கள் கிறிஸ்துமஸ் வாரத்தில் தேடிப் பார்க்கட்டும். ஏழாவது மாதத்துக்குள் சிறிய அறைகள் பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். 9 என்பது பத்து வருடம் கழித்து 9ஆக இருக்காது. முதலில் முடக்கும் 14,200 டாலருக்கு வட்டியும் போடவில்லை. ஒப்பிடும்போது ஹோட்டல் விலையோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், உறுப்பினர்களிடம் பாயின்ட்டை வாடகைக்கு எடுக்கும் விலையோடும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை போகும் குடும்பத்துக்கு வாடகைதான் பொருந்தும், பத்திரமே தேவையில்லை.

கேள்வி: விளம்பரத்தில் "யூஸ் இயர் ஜூன், 2026: 0, 2027: 0, 2028: 150" என்று போட்டிருக்கிறது. விலை நன்றாகக் குறைவு. இதற்கு என்ன அர்த்தம்? (நேப்பர்வில், இல்லினாய்)

பதில்: சக்கையைப் பிழிந்துவிட்டுக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். யூஸ் இயர் என்பது உங்கள் பாயின்ட்டுகள் வருடத்தின் எந்த மாதம் முதல் தேதி வந்து விழும் என்பது. இந்தப் பத்திரத்தில் ஜூன் 1. விற்பவர் 2026ஆம் வருடத்தை முடித்துவிட்டு, 2027இன் பாயின்ட்டையும் முன்கூட்டியே எடுத்துச் செலவழித்துவிட்டார். உங்களுக்கு முதல் பாயின்ட் 2028 ஜூன் 1 அன்றுதான்.

இதை வாங்கக் கூடாது என்றில்லை. ஆனால் அந்த இரண்டு வருடக் கட்டணத்தை யார் கட்டுவது? ஆண்டுக் கட்டணம் ஜனவரியில் காலண்டர் வருடத்துக்கு வரும், பாயின்ட் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது. 150 பாயின்ட், 9 டாலர் என்றால் வருடம் 1,350. இரண்டு வருடம் 2,700. விற்பவர் சாப்பிட்ட விருந்துக்கு நீங்கள் பணம் கொடுப்பதுபோல ஆகும். "2026, 2027 பாயின்ட் என்னிடம் வராததால் அந்தக் கட்டணங்கள் விற்பவர் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் அந்த 2,700ஐ விலையில் குறைத்துக் கேளுங்கள். பொதுவான நியாயம் எளிது: எந்த வருடப் பாயின்ட் யாருக்கு வருகிறதோ அந்த வருடக் கட்டணம் அவருக்கு.

நேர் எதிர் ரகமும் உண்டு. பழைய பாயின்ட்டெல்லாம் சேர்ந்து நிறைந்திருக்கும் பத்திரம். "2025இலிருந்து 150, 2026: 150, 2027: 150" என்று பார்த்ததும் வாய் ஊறும். நிதானம் வேண்டும். ஒரு வருடப் பாயின்ட்டை அடுத்த வருடத்துக்கு ஒருமுறைதான் தள்ளிப்போட முடியும், அதையும் யூஸ் இயரின் முதல் எட்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஜூன் பத்திரத்தில் அந்தக் கெடு ஜனவரி 31. ஏற்கனவே தள்ளிப்போட்ட 2025 பாயின்ட்டுகள் 2027 மே 31 அன்று செத்துப்போகும். அக்டோபரில் விலை பேசினால், உங்கள் பெயரில் கணக்கு திறக்கும்போது ஜனவரி ஆகியிருக்கலாம். அப்போது 2026 பாயின்ட்டைத் தள்ளிப்போடவும் நேரமில்லாமல், மே மாதத்துக்குள் 300 பாயின்ட்டையும் செலவழிக்க வேண்டிய நெருக்கடி வரும். எனவே, பத்திரம் முடியும் முன் விற்பவரே 2026 பாயின்ட்டைத் தள்ளிப்போட்டுத் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

எந்த யூஸ் இயர் உங்களுக்குப் பொருந்தும் என்பதும் இதே கெடுவைப் பொறுத்ததுதான். பள்ளி விடுமுறையில், ஜூலையில் போகும் குடும்பத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் பத்திரங்கள் ஆபத்து. செப்டம்பர் பத்திரத்தின் கெடு ஏப்ரல் 30. ஜூலையில் குழந்தைக்கு அம்மை போட்டுப் பயணத்தை நிறுத்தினால் பாயின்ட்டைத் தள்ளிப்போட முடியாது, ஆகஸ்ட் 31 அன்று போய்விடும். ஜூன் பத்திரமாக இருந்தால் அதே ஜூலையில் இன்னும் அரை வருடத்துக்கு மேல் கெடு இருக்கிறது. வருகை நாளுக்கு 30 நாட்களுக்குள் ரத்து செய்தால் பாயின்ட்டுகள் தடுப்புக் கணக்குக்குப் போகும். பிறகு அவற்றை வைத்து 60 நாட்களுக்குள் வரும் அறைகளை மட்டுமே எடுக்க முடியும்.

பிற்காலத்தில் இன்னொரு பத்திரம் சேர்க்க நினைத்தால் அதே யூஸ் இயரில், அதே பெயர்களில் வாங்குங்கள். மாறினால் தனி உறுப்பினர் எண் ஆகிவிடும், பாயின்ட்டுகளை ஒன்றாகக் கூட்டி அறை எடுக்க முடியாது.

கேள்வி: விலை பேசி முடித்த பிறகு என்னென்ன நடக்கும்? பணத்தை எப்போது, யாரிடம் கொடுப்பது? (சான் ஹோசே)

பதில்: விற்பவர் கையில் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. தரகர் ஒப்பந்தம் அனுப்புவார். வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம், பத்திர வேலையைக் கவனிக்கும் டைட்டில் கம்பெனியின் எஸ்க்ரோ கணக்குக்கு (விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் கணக்கு) போகும். ஒப்பந்தத்தில் பாயின்ட் எண்ணிக்கை வருடவாரியாக, கட்டணம் யார் பொறுப்பு, பத்திரச் செலவு யாருடையது, உங்களுக்கு ரத்து உரிமை எத்தனை நாள் என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்தான ஒப்பந்தம் டிஸ்னிக்குப் போகும். அதே விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை டிஸ்னிக்கு உண்டு. இதற்கு 30 நாள். எடுத்துக்கொண்டால் உங்கள் முன்பணம் முழுதும் திரும்ப வரும், நஷ்டம் ஒரு மாதக் காத்திருப்புதான். சந்தையை விட மிகக் குறைவாகப் பேசினால் டிஸ்னி எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடும். அதனால் அடிமாட்டு விலைக்குப் பேசியதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முப்பது நாள் பொறுத்திருங்கள்.

டிஸ்னி விட்டுக்கொடுத்தால், டைட்டில் கம்பெனி எஸ்டாப்பெல் சான்றிதழ் வாங்கும். கணக்கில் உண்மையில் எத்தனை பாயின்ட், எவ்வளவு கட்டணப் பாக்கி, கடன் ஏதும் உண்டா என்று கிளப் எழுத்தில் தரும் தாள் இது. விளம்பரத்தோடும் ஒப்பந்தத்தோடும் வரி வரியாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் பிடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய பத்திரத்தில் எத்தனை பெயர் என்றும் பாருங்கள். கணவன்-மனைவி பெயரில் இருந்து ஒருவர் இறந்திருந்தாலோ மணவிலக்கு ஆகியிருந்தாலோ அதற்கான தாள்கள் வரும்வரை எதுவும் நகராது, சில நேரம் மாதக்கணக்கில்.

பிறகு மீதிப் பணம் எஸ்க்ரோவுக்கு. வயர் செய்யும் முன் டைட்டில் கம்பெனியை நீங்களாகக் கண்டுபிடித்த எண்ணில் கூப்பிட்டு வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். "கணக்கு எண் மாறிவிட்டது" என்று கடைசி நிமிடம் வரும் மின்னஞ்சலை நம்பிப் பணத்தைத் தொலைத்தவர்கள் வீடு வாங்குவதிலும் உண்டு, இதிலும் உண்டு. பத்திரம் அந்தந்தக் கவுன்டியில் பதிவாகும்; வால்ட் டிஸ்னி வேர்ல்டு ரிசார்ட்டுகளுக்கு ஃபுளோரிடாவின் ஆரஞ்சு கவுன்டி, அதன் பதிவேட்டை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவுக்குப் பின் கிளப்பில் பெயர் மாறி உறுப்பினர் எண் வர இன்னும் சில வாரம். மொத்தத்தில் இரண்டு மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடைக்கே வேண்டும் என்பவர்கள் பாயின்ட் வாடகைக்கு எடுப்பதே நல்லது.

தரகருக்கு ஃபுளோரிடா ரியல் எஸ்டேட் உரிமம் இருக்க வேண்டும். மாநில அரசின் தளத்தில் பெயரைப் போட்டால் இரண்டு நிமிடத்தில் தெரியும்.

கேள்வி: கோடையில் ஊரிலிருந்து மாமனார் மாமியார் வருவார்கள். ஆறு பேர். வெளிச் சாப்பாடு அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. ஸ்டுடியோ எடுத்தால் சமைக்க முடியுமா? (அட்லாண்டா)

பதில்: முடியாது. ஸ்டுடியோவில் மைக்ரோவேவ், சின்ன ஃபிரிட்ஜ், டோஸ்டர், காபி மெஷின் இருக்கும், அடுப்பு கிடையாது. ஒரு படுக்கையறை வில்லாவில்தான் அடுப்பு, ஓவன், பெரிய ஃபிரிட்ஜ், பாத்திரங்கள், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் வருகிறது. பிரஷர் குக்கர் இருக்காது, பருப்புக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படுக்கையறைக்கு ஸ்டுடியோவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பாயின்ட் ஆகும், அதிலும் நாலைந்து பேர்தான் தங்கலாம். ஆறு பேருக்கு இரண்டு படுக்கையறை வில்லா. அது எட்டு ஒன்பது பேருக்குப் போதும். அல்லது இரண்டு ஸ்டுடியோ.

எனவே "150 பாயின்ட் போதுமா" என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. நீங்கள் உண்மையில் போகும் மாதத்தில், உண்மையில் தேவைப்படும் அறைக்கு, கிளப்பின் பாயின்ட் அட்டவணையைப் பார்த்து ஏழு இரவுகளையும் கூட்டுங்கள். வெள்ளி, சனி இரவுகளுக்கு அதிகம். மாமனார் வருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் தேவையில் பாதியளவு பாயின்ட் வாங்கி, இந்த வருடத்தைத் தள்ளிப்போட்டு அடுத்த வருடத்தோடு சேர்த்துப் பெரிய வில்லா எடுப்பது சிக்கனம். பாயின்ட்டில் தங்கும்போது ஆரஞ்சு கவுன்டியின் 12.5 சதவீத ஹோட்டல் அறை வரி கிடையாது. ஹோட்டல் விலையோடு ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அறையை உங்கள் பெற்றோர் பெயரிலும் எடுக்கலாம், நீங்கள் கூடப் போக வேண்டியதில்லை.

கேள்வி: விண்டம் கிளப்பின் பாயின்ட்டுகளை இ-பேயில் ஒரு டாலருக்கு விற்கிறார்களே, ஏமாற்று வேலையா? (டெட்ராய்ட்)

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த ஒரு டாலர், விற்பவர் தன் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து தப்பிக்கும் வழி. வாங்கினால் அந்தக் கட்டணம் உங்கள் தலையில். டிஸ்னி போல 2042, 2054 என்று தானாக முடியும் தேதி பல கிளப்புகளில் இல்லை, பத்திரம் முடிவற்றது. ரீசேலில் வாங்கிய பாயின்ட் விண்டமின் வி.ஐ.பி. தகுதிக்குக் கணக்கில் சேராது. மாரியட் கிளப்பில் 2010 ஜூன் 20க்குப் பிறகு கைமாறிய வார உரிமைகளை (பாயின்ட்டுக்குப் பதில் வாரக் கணக்கில் தங்கும் உரிமை) அதன் பாயின்ட் திட்டத்தில் சேர்ப்பது பொதுவாக நடக்காது. வருடாவருடம் போகிறீர்கள், கட்டணத்தைக் கூட்டினாலும் ஹோட்டலை விடக் குறைவு என்றால் ஒரு டாலர் பத்திரம் நல்ல பேரம்தான். ஆனால் முதலில் பெயர் மாற்றக் கட்டணம், கட்டணப் பாக்கி, பத்திரச் செலவு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அவற்றைக் கூட்டினால் ஒரு டாலர் பல நூறாகும்.

கேள்வி: என் பழைய டைம்ஷேரை வாங்க மெக்சிகோவில் ஆள் தயார், 40,000 டாலர் தருகிறார், வரியாக 2,800 டாலர் மட்டும் முன்னால் அனுப்புங்கள் என்று போன் வந்தது. (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் இன்றே வங்கியைக் கூப்பிடுங்கள். முன்பணம் கேட்கும் "வாங்குபவர்" எவரும் வாங்குபவர் இல்லை. வரியும் கமிஷனும் விற்பனை முடியும்போது எஸ்க்ரோவில் கழிப்பவை. இந்த மோசடியின் பின்னால் மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைக் கும்பல் இருப்பதாகச் சொல்லி, புவேர்ட்டோ வல்யார்ட்டா பகுதியைச் சேர்ந்த நிறுவனங்கள் மீது அமெரிக்க நிதித் துறை 2023இல் தடை விதித்தது. இழந்தவர்களிடமே திரும்ப வந்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்பது இதன் இரண்டாம் பாகம்.

கேள்வி: பதினைந்து வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பிவிட்டோம். கிரீன் கார்டையும் ஒப்படைத்தாகிவிட்டது. டிஸ்னி பத்திரத்தை விற்க வேண்டும். இங்கிருந்தே முடியுமா? (சென்னை)

பதில்: முடியும், இரண்டு முடிச்சுகளோடு. முதலாவது வரி. அமெரிக்கச் சொத்தை வெளிநாட்டவர் விற்கும்போது, விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து அமெரிக்க வருவாய்த் துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் கடமை. 12,000 டாலர் பத்திரத்தில் 1,800. லாபம் இல்லாவிட்டாலும் பிடிப்பார்கள், மறுவருடம் வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். வரிப் படிவம் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பழைய சோஷியல் செக்யூரிட்டி எண் இருந்தால் அதுவே போதும். நீங்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால், சென்னையில் வசித்தாலும் இந்தப் பிடித்தம் இல்லை. சொந்தப் பயன்பாட்டு டைம்ஷேரில் நஷ்டம் வந்தால் அதை வரியில் கழிக்க முடியாது.

இரண்டாவது கையெழுத்து. பத்திரத்தில் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து போகலாம், ஒரு முத்திரைக்கு 50 டாலர். ஃபுளோரிடா 2020 முதல் வீடியோ வழி நோட்டரியை ஏற்கிறது. ஆனால் டைட்டில் கம்பெனி எதை ஏற்கும் என்று முதலிலேயே எழுதிக் கேட்டுவிட்டுப் பிறகு அண்ணா மேம்பாலம் பக்கம் போங்கள்.

வாங்குபவர்களுக்கும் இதில் செய்தி உண்டு: விற்பவர் வெளிநாட்டவர் என்று தெரியாமல் 15 சதவீதத்தைப் பிடிக்கத் தவறினால் அந்தத் தொகைக்கு நீங்கள்தான் பொறுப்பு. "நான் வெளிநாட்டவர் அல்ல" என்ற உறுதிமொழித் தாள் கோப்பில் இருக்கட்டும்.

கேள்வி: பிள்ளைகள் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கலாமா? (பெல்வியூ, வாஷிங்டன்)

பதில்: வேண்டாம். சேர்த்தால் ஆண்டுக் கட்டணப் பொறுப்பும் அவர்களுக்கு வந்துவிடும், விற்க நினைக்கும்போது அவர்கள் கையெழுத்தும் வேண்டும். உங்களுக்குப் பிறகு அவர்களுக்கு விருப்பம் இருந்தால் ஏற்கட்டும். இல்லையென்றால் ஒன்பது மாதத்துக்குள் எழுத்தில் மறுக்கலாம். ஆனால் அதற்குள் அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

கேள்வி: கோவையில் இருக்கும் அப்பாவின் நண்பர் தன் கிளப் மஹிந்திரா உறுப்பினர் உரிமையைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். அப்பாவுக்காக வாங்கலாமா? (ஹூஸ்டன்)

பதில்: இது பத்திரம் அல்ல, பயன்பாட்டு உரிமை. அதனால் பதிவு அலுவலகத்தில் தேட எதுவும் இல்லை. நிறுவனத்தின் ஏட்டில் பெயர் மாறினால்தான் மாற்றம். அவர்களின் முக்கியத் திட்டம் 25 வருடத்துக்கானது. நண்பர் வாங்கி 17 வருடம் ஆகியிருந்தால் "பாதி விலை" என்பது உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்துக்குக் கொடுக்கும் பாதி விலை. பருவ நிறத்தையும் பாருங்கள். பர்ப்பிள், ரெட், ஒயிட், ப்ளூ என்று இறங்கும் வரிசையில், மேல் நிறத்துக்காரர் கீழ்ப் பருவத்தில் போகலாம், கீழ் நிறத்துக்காரர் மேல் பருவத்துக்கு ஏற முடியாது. மே மாதம் பேரக்குழந்தைகளோடு ஊட்டி போவதுதான் திட்டம் என்றால் ப்ளூ உங்களுக்கு உதவாது.

நண்பரை நிறுவனத்திடமிருந்து ஒரு கணக்கு அறிக்கை வாங்கித் தரச் சொல்லுங்கள்: மீதி வருடம், சேர்த்து வைத்த நாட்கள், ஆண்டுச் சந்தா பாக்கி, பெயர் மாற்றக் கட்டணம். சந்தாவுக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. "பெயரெல்லாம் எதற்கு, என் லாகின் தருகிறேன், நீங்களே புக் செய்துகொள்ளுங்கள்" என்று பழக்கத்துக்காகச் சொல்வார். நட்பு கெடக் கூடாது என்றால் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். பணத்தில் பெரும்பகுதியைப் பெயர் மாறிய கடிதம் அப்பாவின் கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.